குருப்பட்டம் பெறாத குரு: தஞ்சை இராசநாயக்கன்

கல்வி மனிதனை உயர்த்தும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அங்ஙனம் உயர்ந்தவனுக்கு உரிய இருக்கையை அளிக்கச் சமுதாயம் ஒருப்படுகின்றதா என்பது அதனையடுத்து எழும் வினாவாகும். இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததொரு வாழ்க்கையைக் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமுடையது என்று கருதுகின்றேன்.

செர்மனி நாட்டினரான பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள், டேனிய அரசின் ஆளுகையிலிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இந்திய மண்ணில் லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுவே. தமிழைக் கற்று, அச்சகம் நிறுவி, 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கினையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அவர் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். ஓலைச்சுவடியும் ஏடெழுத்தும் சிலர்க்கே உரியனவாயிருந்த காலத்தில், அச்சு நூல் ஊர் எல்லைகளையும் குல எல்லைகளையும் கடந்து சென்றது. அவ்வாறு சென்ற நூலொன்று தஞ்சைப் படைவீரர் ஒருவரின் கையை அடைந்தது.

அவ்வீரரே இராசநாயக்கன். பறையர் குலத்தில், ஏற்கெனவே கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்த குடும்பத்தில், 1700ஆம் ஆண்டில் பிறந்தவர். மராட்டிய மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தஞ்சையில் சேர்வைக்காரராகப் பணிபுரிந்தார். வயது வந்த பின்னரே எழுத்தறிவு பெற்ற அவர், கைக்குக் கிடைத்த நற்செய்தி நூலை ஆழ்ந்து பயின்றார். ஐயங்கள் எழவே, தரங்கம்பாடி மிசனரிகளுடன் தொடர்பு கொண்டார். 1727இல் நேரே அங்குச் சென்றவர், அடுத்த ஆண்டிலேயே உபதேசியாராக அமர்த்தப்பெற்றார்.

உபதேசியார் பணி எளியதன்று. ஊர் ஊராக நடந்து செல்லுதல், எழுத்தறியாதாருக்கு வாய்மொழியாகப் பாடம் புகட்டுதல், நோயுற்றோரைக் காணுதல், இறந்தோரை அடக்கம் செய்தல், சபையாரின் பூசல்களைத் தீர்த்தல் ஆகியவை அனைத்தும் அவர் பொறுப்பே. ஐரோப்பிய மிசனரிகள் தஞ்சை நாட்டுக்குள் விரும்பியவாறு நடமாட இயலாத காலம் அது. ஆகவே தஞ்சைச் சபையின் பாரம் இராசநாயக்கன் போன்றோர் தோள்மீதே தங்கியது. பழைய சமயத்தாரின் கடும் பகையையும் அவர் ஏற்க நேர்ந்தது. அவர் குடும்பமும் வன்முறைக்குத் தப்பவில்லை. எனினும் அவர் பணியைக் கைவிட்டாரில்லை.

இந்நிலையில் தமிழர் ஒருவரையே குருவாக அபிஷேகம் செய்வதென மிசனரிகள் முடிவு செய்தனர். 1733ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், கடலூரில் பிறந்தவரும் வேளாளருமான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புரொட்டஸ்டண்டு திருச்சபையில் குருவான முதல் தமிழர் அவரே. மாயவரம் பகுதிச் சிற்றூர்களில் உழைத்து 1745இல் மறைந்த அப்பெரியாரின் பெருமையை யாரும் குறைத்துரைத்தல் ஆகாது.

இரண்டாம் குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் 1741இல் வந்தது. அதற்குள் இராசநாயக்கன் பதின்மூன்று ஆண்டுகள் உபதேசியாராய் உழைத்திருந்தார். அவருடைய அறிவிலோ, ஒழுக்கத்திலோ, ஊக்கத்திலோ மிசனரிகள் குறை கண்டாரில்லை. ஆயினும் குருப்பட்டம் தியாகு என்பாருக்கே வழங்கப்பெற்றது. பறையர் ஒருவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெறுவதற்கு உயர்குலத்தாராகத் தம்மைக் கருதிய கிறித்தவர்கள் இசையமாட்டார்கள் என்பதே காரணம்.

ஈண்டுச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். வேதத்தை விளக்கும் அவருடைய நாவை ஏற்றுக்கொண்டனர். அப்பத்தைக் கொடுக்கும் கையை மட்டும் ஏற்க மறுத்தனர். சொல்லுக்குத் தீட்டில்லை, தொடுதலுக்கே தீட்டு என்பது இதன் பொருளாகின்றது. மறுத்தவர்களின் மனத்தை மாற்ற வேண்டியிருக்க, மறுக்கப்பட்டவரின் உரிமையை மாற்றியமைப்பது எளிதெனக் கண்டனர். தரங்கம்பாடி ஆலயத்திலேயே குலம் பிரித்து அமரும் வழக்கம் இருந்தது என்பதை எண்ணுங்கால், இம்முடிவு தற்செயலானதன்று என்பது புலனாகும். மிசனரிகள் கல்வியிலும் அச்சுத் தொழிலிலும் செய்த தொண்டு பெரிது; அப்பெருமையைச் சொல்லும் வாயே இக்குறையையும் சொல்லியாதல் வேண்டும். அதுவே வரலாற்று நேர்மை.

இராசநாயக்கன் அதன் பின்னரும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1771இல் மறையும் வரையில் உபதேசியாராகவே இருந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் மேய்ப்பனுக்குரிய பணியைச் செய்தவர், மேய்ப்பன் என்ற பெயரைப் பெறாமலே சென்றார்.

பின்னாளில் தரங்கம்பாடிப் பணியை ஏற்று நடத்திய லைப்சிக் மிசன், நம் கொங்கு நாட்டிலும் கோயம்புத்தூரில் சபை அமைத்தது. 1850இல் சென்னையில் கூடிய மிசனரிகள் சாதிப் பழக்கத்தைச் சபையிலிருந்து முற்றும் களைதல் வேண்டும் என்று தீர்மானித்தபோது, லைப்சிக் மிசன் அவ்வளவு கண்டிப்பு வேண்டுவதில்லை என்னும் நிலையையே மேற்கொண்டது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாட்சி பெற்றெழுந்தது. எனினும் பழைய வினாவின் நிழல் முழுதும் அகலவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்டோர் இன்றளவும் பட்டியலினத்தில் சேர்க்கப்படவில்லை. சபைக்குள் சாதி கேட்கப்பட்டது. சலுகைக்கு நின்றபோது சாதி இல்லையெனப்பட்டது.

சமயம் எதுவாயினும், இவ்வரலாறு நம் அனைவர்க்கும் பொதுப் பாடமாகும். நம் பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகின்றனர். ஆயினும் தகுதி பெறுதல் ஒன்று. அத்தகுதியைப் பிறர் ஒப்பும்படி செய்தல் மற்றொன்று. முன்னதைத் தனியொருவர் முயன்று பெறலாம். பின்னதற்குக் கூட்டு முயற்சியும் சட்டத்தின் துணையும் வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு இராசநாயக்கனுக்குக் கிட்டவில்லை; அவருக்காகக் குரல் எழுப்பக் கழகம் ஒன்றும் இருக்கவில்லை. நமக்கு இரண்டும் உண்டு.

ஆகவே நம் கல்விக் கழகம் மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதோடு அமையாது, தேறியவருக்கு உரிய இடம் மறுக்கப்படும்போது உடன் நிற்றலையும் தன் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். நம் மாணவர் எவரும் இராசநாயக்கனைப் போல் உழைப்பாராக. எவரும் அவரைப் போல் வாயிலில் நிறுத்தப்படாதிருப்பாராக.