வகைப்பெயரும் நோய்க்கணக்கும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடத்தே. பின்னர்த் தொகுக்கப்பட்ட கண்காணிப்புக் கணக்குகளிலும் பாலியல் தொழிலாளர் என்னும் பகுப்பு பெண்களுக்கு உரியதாகவே அமைந்தது. ‘தொழிலாளி’ தமிழில் இருபாற்பொதுப் பெயராயினும் இவ்வழக்கில் அது பெண்பாற்பெயராயிற்று எனலாம்.

அத்தொழிலையே செய்த ஹிஜ்ராக்கள் (தமிழகத்தில் முன்பு அரவாணிகள், இன்று திருநங்கையர்) நெடுங்காலம் வேறொரு பகுப்பில் அடக்கப்பட்டனர். ‘ஆணோடு உறவுகொள்ளும் ஆண்’ எனப் பொருள்பட்டு, எம்.எஸ்.எம். எனச் சுருங்கிய பெயர் அது. அடையாளத்தை விடுத்துச் செயலை மட்டும் சுட்டுவது அதன் நோக்கம். நோயியலார்க்கு அது வசதியே. ஆயினும் தொடரின் இரு முனையிலும் ‘ஆண்’ நிற்கிறது. தம்மை ஆணெனக் கொள்ளாதாரை அது எங்ஙனம் தழுவும்?

இக்குழுக்களின் சொந்த வழக்கு நுட்பமானது. பெண்மைச் சாயல் உடையவர் ‘கோத்தி’. அவர்தம் துணைவர் தெற்கே ‘பந்தி’, வங்கத்தில் ‘பரிக்’, தில்லிப் பகுதியில் ‘கிரியா’. இச்சொற்கள் உறவில் ஏற்பவரையும் மற்றவரையும் வேறுபடுத்துகின்றன. ஆணுறையற்ற குதவழி உறவில் ஏற்பவர்க்கே தொற்றுவாய்ப்பு மிகுதி என்பதால், அலுவல்முறைப் பெயர் மறைத்த இடரை வழக்குச்சொல் காட்டிற்று. சொல் உணர்த்தும் பங்கும் நடப்பும் எப்போதும் ஒன்றல்ல என்பதும் உண்மையே.

தனிப்பகுப்பாக எண்ணியபோது விளைந்த வேறுபாடு நோக்கத்தக்கது. 2010–11 கண்காணிப்பில் பெண் பாலியல் தொழிலாளரிடையே தொற்று 2.67 விழுக்காடு, எம்.எஸ்.எம். பகுப்பில் 4.43, திருநங்கையரிடையே 8.82.

பெயர் பிரிந்த அளவில் இடர் தீர்ந்துவிடவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, உதவி நாடுவோரையும் உதவி செய்வோரையும் ஒருங்கே அச்சுறுத்தியது. 2001 ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர் அப்பிரிவின்கீழ்க் கைதாயினர். அவர்களிடமிருந்த விழிப்புணர்வு ஏடுகள் ஆபாசமென்று கைப்பற்றப்பட்டன. பாதுகாப்பான உறவை விளக்கும் உரையை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் மறக்கவியலாத நிகழ்ச்சி இது. மங்கலச் சொல்லால் மூடினால் உரை பயன்படாது. வெளிப்படக் கூறினால் வழக்கு வந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2013-இல் நீக்கி, 2018-இல் மீண்டும் அளித்தது. இடையே 2014-இல் மூன்றாம் பாலினம் சட்ட ஏற்புப் பெற்றது.

2017 கண்காணிப்பில் திருநங்கையரிடையே தொற்று 3.14 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நாட்டின் வயதுவந்தோரிடையே அவ்வாண்டு மதிப்பீடு 0.22. இங்கும் பகுப்பின் பெயரில் பாலினம் உண்டு, தொழில் இல்லை. ஆதலின் இவ்வெண்ணைப் பாலியல் தொழில் செய்யும் திருநங்கையர்க்கு உரியதாக மொழிபெயர்ப்பது பிழையாகும்.