புகை உணர்வி இணைப்பின் மின்வரம்பு

தீ எச்சரிக்கைப் பேனல் ஒன்றுடன் எத்தனை புகை உணர்விகளைச் சேர்க்கலாம் என்பதை முடிவுசெய்யும் மின்னோட்ட எல்லை. தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189.

சேலம், நாமக்கல் சமவெளியின் நூற்பாலைகளிலும் பஞ்சு, நூல் கிடங்குகளிலும் இது பெரிதும் கவனிக்கப்பட வேண்டியது. பஞ்சுப் பொதி உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்று புகையும். கிடங்கை நீட்டிக் கட்டும்போது பழைய பேனலிலேயே புது உணர்விகளைக் கோத்துவிடும் பழக்கம் ஆபத்தானது.

இரண்டு கம்பி உணர்வி ஒன்று காத்திருக்கும்போது இழுப்பது ஏறக்குறைய 0.1 மில்லி ஆம்பியர்தான். ஆனால் பேனலின் ஒரு மண்டலம், அதாவது உணர்விகளைக் கோக்கும் ஒரு சுற்று, தாங்குவது பெரும்பாலும் சில மில்லி ஆம்பியர் மட்டுமே. மீறினால் பொய் எச்சரிக்கை எழலாம். அதிகம் இழுப்பவை எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஹூட்டர்களும் நான்கு கம்பி உணர்விகளும்.

உண்மையான சோதனை, மின்தடையின்போது பேனலை இயக்கும் பேட்டரியில்தான். 24 மணி நேரக் காத்திருப்புக்கு 250 மில்லி ஆம்பியர் என்றால் 6 ஆம்பியர்-மணி. அரைமணி நேரம் 1.2 ஆம்பியரில் ஹூட்டர் அலற 0.6, முதுமைத் தேய்வுக்கு 25 விழுக்காடு கூட்டினால் 8.25. பேனலுக்குள் வழக்கமாக இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்குப் போதாது. சேலமும் நாமக்கல்லும் 2012இல் பல மணி நேர மின்வெட்டைக் கண்ட ஊர்கள்.

உணர்வி வாங்குமுன் பேனல் கையேட்டின் மின்னோட்ட அட்டவணையைப் பாருங்கள்.