ஐந்து முனையும் ஒற்றை முனையும்

உயர்தரத் தொலைக்காட்சிக்குப் படம் சுமந்து வரும் கம்பிகளில் ஒப்பிடத் தகுந்தவை காம்பொனென்ட், எச்டிஎம்ஐ என்னும் இரண்டே. மஞ்சள் முனை கொண்ட ஏவி கம்பி இந்தத் தராசில் ஏறாது. எச்டி படத்தை அதில் அனுப்ப வழியில்லை. எச்டி செட்-டாப் பாக்ஸுக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டே, பொருத்த வந்தவர் அன்று செருகிய மஞ்சள் முனையிலேயே ஆண்டுக்கணக்காகப் படம் பார்த்துவந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். வாங்கிய படம் பெட்டிவரை வந்து, பெட்டிக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழ நீளத்தில் தொலைந்துபோவது வருத்தத்துக்குரியது.

எஞ்சிய இரண்டும் தோற்றத்தில் எதிரெதிர். காம்பொனென்ட்டுக்கு ஐந்து முனைகள்: படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, ஒலிக்கு வெள்ளை, மீண்டும் ஒரு சிவப்பு. எச்டிஎம்ஐக்கு ஒரே தட்டை முனை, உள்ளே 19 பின்கள். முன்னதில் இரண்டு சிவப்பையும் மாற்றிச் செருகிவிட்டுத் திகைப்பவர் உண்டு. பின்னதில் தவறாகச் செருகவே முடியாது. முன்னது ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே படத்தைக் கொண்டுசெல்கிறது; பின்னது ஒன்றும் சுழியுமாக எண்ணிக் கொடுக்கிறது.

ஆனால் உறையைப் பிரித்து உள்ளே நடப்பதைப் பார்த்தால், இவை இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தெரியவரும்.

காம்பொனென்ட்டின் பச்சை முனையில் வருவது பச்சை நிறமன்று. படத்தின் ஒளிர்வு அதில் வருகிறது. நீல முனையில் நீலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடும், சிவப்பு முனையில் சிவப்புக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடும் வருகின்றன. பச்சையை யாரும் அனுப்புவதில்லை. இம்மூன்றிலிருந்து தொலைக்காட்சியே அதைக் கணக்கிட்டுக்கொள்கிறது. பச்சைச் சாயம் முற்றிலும் பொருந்தாததும் அன்று, ஏனெனில் உயர்தரப் படத்தின் ஒளிர்வில் 71.52 விழுக்காடு பச்சையின் பங்கு. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீலத்தையும் சிவப்பையும் பிடுங்கிவிட்டுப் பச்சையை மட்டும் விட்டுவைத்தால், திரையில் தெளிவான கறுப்பு வெள்ளைப் படம் நிற்கும். ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து அனுப்பினால் கறுப்பு வெள்ளைப் பெட்டியும் வண்ணப் பெட்டியும் ஒரே ஒளிபரப்பைப் பெறலாம் என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வலான்சி 1938இல் காப்புரிமை பெற்ற எண்ணம்தான் அந்தப் பச்சை முனையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எச்டிஎம்ஐக்கு வருவோம். அதன் 19 பின்களில் படத்தைச் சுமப்பவை வழக்கமாக மூன்று இணைகளே. மூன்று கம்பிகளுக்கு மூன்று இணைகள்! சிவப்பு, பச்சை, நீலம் என்று நேராக அனுப்பினால் நிறத்துக்கு ஓர் இணை. ஒளிர்வு, நிறவேறுபாடு என்று பிரித்து முழு அளவில் அனுப்பும்போதோ, வழக்கமாகப் பச்சை செல்லும் இணையில் ஒளிர்வும், நீலத்தின் இணையில் நீல வேறுபாடும், சிவப்பின் இணையில் சிவப்பு வேறுபாடும் செல்கின்றன. காம்பொனென்ட்டின் அதே இருக்கை வரிசை இது. ஒன்றில்தான் இடம் மாறியிருக்கிறது. வரி எங்கே தொடங்குகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஒத்திசைவுக் குறிகள் காம்பொனென்ட்டில் பச்சையோடு வருகின்றன. எச்டிஎம்ஐயில் நீல இணையோடு வருகின்றன.

இன்னொரு உறவு இதைவிட ஆழமானது. பழைய படக்குழாயில் மின்கற்றை ஒரு வரியை வரைந்து முடித்ததும் அடுத்த வரியின் தலைக்குத் திரும்ப நேரம் வேண்டும். அதற்காகவே அனலாக் சிக்னலில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வெற்று இடைவெளி விடப்பட்டது. காம்பொனென்ட்டில் அது இருப்பது இயல்பு. தட்டைத்திரையில் கற்றையும் இல்லை, திரும்பும் வேலையும் இல்லை. ஆனாலும் எச்டிஎம்ஐ அந்த இடைவெளியைக் கைவிடவில்லை. 1080பி படத்தில் வரிக்கு 1920 புள்ளிகள் தெரிந்தாலும் கம்பியில் 2200 புள்ளிகளின் நேரம் செல்கிறது. 1080 வரிகளுக்கு 1125 வரிகளின் நேரம். எச்டிஎம்ஐக்கு முன்னோடியான டிவிஐயில் (1999) அந்த இடைவெளி சும்மாவே கிடந்தது. 2002 டிசம்பரில் வெளிவந்த முதல் எச்டிஎம்ஐ வரையறை அதில் ஒலியை ஏற்றியது. காம்பொனென்ட்டின் வெள்ளை, சிவப்பு ஒலிக்கம்பிகள் இரண்டையும் தேவையற்றவையாக்கியது, படக்குழாய் விட்டுச்சென்ற அந்த வெற்றிடம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்படியென்றால் படத்தில் எது மேல்? 720பி, 1080ஐ அளவில் நல்ல கருவியும் நல்ல கம்பியும் அமைந்தால், சோபாவின் தூரத்திலிருந்து வேறுபாட்டைச் சொல்வது கடினம். டிஜிட்டல் என்பதாலேயே உயர்வு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. காம்பொனென்ட்டில் படம் அனலாக்காக மாறித் தட்டைத்திரைக்குள் மீண்டும் டிஜிட்டலாக வேண்டியிருப்பது உண்மை. படக்குழாய் எச்டி தொலைக்காட்சியிலோ எந்தக் கம்பியானாலும் ஒருமுறை அனலாக்காக மாறியே தீரவேண்டும். மாற்றம் கருவிக்குள் நடக்கிறதா, தொலைக்காட்சிக்குள் நடக்கிறதா என்பதே வேறுபாடு.

இரண்டும் கெடும் விதம்தான் வேறு. காம்பொனென்ட் மெல்லக் கெடும்: விளிம்பில் நிழல் படியும், நிறம் மங்கும், படம் மட்டும் நிற்காது. எச்டிஎம்ஐ கடைசிவரை குறையின்றி நின்று, சில வெண்புள்ளிகள் மின்னிய பிறகு ஒரேயடியாகக் கறுத்துவிடும். ஆகவே விலை உயர்ந்த கம்பிக்குக் காம்பொனென்ட்டில் ஓரளவு பொருள் உண்டு. எச்டிஎம்ஐயில் படம் பிழையின்றி வந்து சேர்ந்துவிட்டால், தங்கமுலாம் அதைக் கூடுதலாக அழகாக்காது. சென்னை ரிச்சி தெருவில் கம்பி வாங்குபவர் முலாமைப் பார்க்க வேண்டாம், வேகத்தரத்தைப் பார்த்தால் போதும்: 4கே 60 பிரேமுக்கு 18 ஜிகாபிட், அதற்கு மேல் வேண்டுமானால் 48 ஜிகாபிட். நீளம் கூடக்கூட இந்த வேகங்களைத் தாங்குவது கடினமாகும்.

தீர்ப்பை எழுதியது படத்தரம் அன்று, அனுமதி. காம்பொனென்ட் ஒருவழிப் பாதை. எதிரே யார் இருக்கிறார் என்று கேளாமல் கொடுக்கும். எச்டிஎம்ஐ முதலில் பேசும்: எந்த அளவுகளைக் காட்டமுடியும் என்று தொலைக்காட்சியிடம் கேட்கும், பிறகு நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டுக்கான சாவி இருக்கிறதா என்று சோதிக்கும். சாவி பொருந்தாவிட்டால், நல்ல கம்பியிலும் திரை இருண்டே இருக்கும். காம்பொனென்ட்டின் தாராளமே அதற்குப் பகையானது. 2010 டிசம்பர் 31க்குப் பின் தயாரான ப்ளூ-ரே கருவிகள், பூட்டிய படங்களை அனலாக் வழியே சாதாரணத் தரத்துக்கு மேல் தரக்கூடாது என்று உரிம விதி கட்டுப்படுத்தியது. 2013 முடிவுக்குப் பின் தயாரானவற்றில் அந்த வழியும் மூடியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பியை ஒப்பந்தம் நிறுத்தியது என்பதுதான் என் வாசிப்பு.

ஆகவே இன்று வாங்கும் கருவிக்கு எச்டிஎம்ஐ. அதில் எனக்கு ஐயமில்லை. பிளேஸ்டேஷன் 2, வீ, 2005இல் எச்டிஎம்ஐ இல்லாமல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற விளையாட்டுக் கருவிகளை வைத்திருப்பவருக்கோ காம்பொனென்ட்தான் நேர்வழி. அவற்றுக்குரிய கம்பியை அக்கருவிகளின் தனி முனை காரணமாகத் தேடித்தான் வாங்கவேண்டும். ஆனால் பழைய டிவிடி கருவி, தொலைக்காட்சி என இருபுறமும் சாதாரண ஆர்சிஏ துளைகளே இருந்தால், தொடக்கத்தில் ஒதுக்கிய மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பியையே எடுத்துப் பச்சை, நீலம், சிவப்புத் துளைகளில் செருகிப் பாருங்கள். குறுகிய தூரத்துக்கு அது பெரும்பாலும் போதும். ஒலிக்கு மட்டும் வேறொரு இணை வேண்டும். குறை கம்பியில் இருந்ததில்லை, மஞ்சள் துளை அதில் ஏற்றிய சிக்னலில் இருந்தது.