கடல் மேல் கேஸ் போட முடியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷத்துக்கும் மேல் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் நடத்திக்கொண்டிருந்தேன். உரிமை பறிபோனால் 32-ஆவது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று சொல்லி முடித்ததும் நம்ம பெரியதாழைப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், கடல் மேல கேஸ் போட முடியுமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காருலே" என்றேன். அந்த வருஷம் கச்சான் காற்றுக் காலத்தில் அவன் வீட்டுப் பின்சுவரைக் கடல் கொண்டுபோயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவன் கப்பலில் வேலை பார்க்கிறான். போன மாதம் லீவில் வந்தவன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். "அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே சார்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலேயே அதற்கு ஒரு பதில் இருந்தது. பிலிப்பைன்ஸில் அந்தோனியோ ஒப்போசா என்ற வழக்கறிஞர் தன் பிள்ளைகளையும் வேறு பல பிள்ளைகளையும் மனுதாரர்களாக வைத்து, காடு வெட்டக் கொடுத்த உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் சார்பாகவும் கேட்கிறோம் என்றது மனு. வழக்குக்கே காரணம் இல்லை என்று கீழ்க்கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். 1993 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தப் பிள்ளைகள் தங்களுக்காகவும் வரும் தலைமுறைகளுக்காகவும் வழக்காடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் போட்ட சுற்றுச்சூழல் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத்தான் முன்னோடியாகக் காட்டுகிறார்கள். அது வந்து பத்து வருஷம் கழித்தும் சமூக அறிவியல் வாத்தியார் எனக்கு இது தெரியாது!

நம் நாட்டில் இந்த வழக்கைப் போட்டது உத்தரகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே என்ற சிறுமி. 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம் அந்த மாநிலத்தையே புரட்டிப்போட்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 2017 மார்ச்சில், ஒன்பது வயதில், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். மைனர் பிள்ளை நேரடியாக வழக்குப் போட முடியாது, அதனால் காப்பாளர் மூலம் போட்டாள். நாடு எவ்வளவு கரிப்புகை விடலாம் என்று ஒரு கணக்கும் வரம்பும் வகுக்கச் சொல்லுங்கள் என்பது அவள் கோரிக்கைகளில் ஒன்று. 2019 ஜனவரியில் மனு தள்ளுபடி ஆனது. பாரிஸ் ஒப்பந்தம் அரசின் கொள்கைகளில் பிரதிபலிக்கவில்லை என்று கருதக் காரணம் இல்லை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலேயே பருவநிலையும் அடங்கும் என்று ஒரு சுருக்கமான உத்தரவு. பரீட்சைத் தாளில் 'பார்க்கப்பட்டது' என்று கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. அவள் விடாமல் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தாள்.

அதே 2019 செப்டம்பரில் கிரேட்டா துன்பர்க் உட்பட 16 பிள்ளைகள் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழுவில் ஐந்து நாடுகள் மேல் புகார் கொடுத்தார்கள். அதில் ரிதிமாவும் ஒருத்தி. ஆனால் அந்த ஐந்தில் இந்தியா இல்லை. பிள்ளைகள் புகார் கொடுக்க வழிசெய்யும் கூடுதல் உடன்படிக்கையில் நாம் சேரவில்லை, அதனால் நம் பிள்ளை பிரான்ஸ், ஜெர்மனி, பிரேசில் மேல்தான் புகார் கொடுக்க முடிந்தது. 2021-இல் குழு, ஒரு நாட்டின் புகையால் எல்லைக்கு அப்பால் உள்ள பிள்ளைக்குக் கெடுதல் வந்தாலும் அந்த நாடு பொறுப்பாகலாம் என்று சொல்லிவிட்டு, முதலில் அந்தந்த நாட்டுக் கோர்ட்டுகளில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியது.

ஜெயித்த வழக்கும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2023 ஆகஸ்டில் 16 இளையவர்கள் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தூய்மையான, நலமான சூழலுக்கு உரிமை உண்டு என்று அந்த மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் 48-ஏ, 51-ஏ (ஜி) வந்தன. நீங்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்ததுதான். காடு, ஏரி, ஆறு, வன உயிர் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. கடல் என்ற சொல் இல்லை. அத்தனை வருஷம் நடத்தியும் நான் இதைக் கவனித்ததில்லை.

2024 மார்ச்சில், கானமயில் பறவைகள் மின்கம்பிகளில் அடிபட்டுச் சாவது பற்றிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கெடுதல்களிலிருந்து காப்பாற்றப்படும் உரிமை 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடலோரப் பிள்ளைக்கான உரிமையைப் பாலைவனப் பறவையின் வழக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நம்ம ஊர் ஆள்களுக்குப் பிடிக்கிற கதை வனுவாட்டுவில் நடந்தது. பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் 27 பேர் 2019-இல் ஒரு வகுப்பறையில் தொடங்கியது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2025 ஜூலை 23-ஆம் தேதி ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தாக வந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நாட்டுக் கோர்ட்டிலும் எடுத்துக் காட்டலாம்.

சரி, பெரியதாழைக்கு வருவோம். கேஸ் போடலாம் என்றே வைத்துக்கொள்வோம், யார் மேல்? கடல் சூடாகி நீர்மட்டம் ஏறுவது உலகத்தின் புகையால். கரை அரிப்பதற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஆற்று மணல் கடலுக்கு வருவது குறைந்தால் கரை மெலியும். தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மண் சேரும், மறுபக்கம் அரிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. அதில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனவர்களின் பங்கு பெரிது. நம்ம கடற்கரைக்காரர்களும் அதில் உண்டு, மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார்.

இன்னொரு சிக்கல் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும் என்று இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நிவாரணமும் இழப்பீடும் கேட்க 5 ஆண்டு. சாயப்பட்டறைக் கழிவு கிணற்றில் கலந்தால் அதற்கு ஒரு நாள் உண்டு. நம்ம கடல் எந்தத் தேதியில் வந்தது? ஒரு கச்சானுக்கு ரெண்டு முழம், அடுத்த கச்சானுக்கு ஒரு சாண் என்று வந்தது. பின்சுவர் விழுந்த நாள் அந்தப் பையனுடைய அம்மாவுக்கு நினைவிருக்கும், எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். கல்யாணம், புதுநன்மை, கோயில் திருவிழா என்று கரையும் வீடுகளும் பின்னால் தெரிகிற பழைய படங்கள் உங்கள் வீட்டு ஆல்பங்களில் இருக்கும். செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சட்டம் படித்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், மேலே நான் எழுதியதில் தப்பு இருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். படத்தின் பின்னால் தேதி இருந்தால் அதையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் யாருடைய கல்யாணம் என்று மட்டும் எழுதுங்கள், கோயில் பதிவேட்டில் தேதியை நான் தேடிக்கொள்கிறேன்.