தோட்டத் துண்டாடல்: ஒரு கணக்கெடுப்பின் வரலாறு



தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பழைய மாணவர் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவ்வப்போது கிடைப்பதுண்டு. பழுப்பேறிய அந்த ஏடுகளில் மாணவர் பெயர், தந்தையார் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று கட்டங்கள் இருக்கும். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட பக்கங்களில், விலகிய காரணம் என்னும் கட்டத்தில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதை நாங்கள் ஒரு நாள் கண்டோம். 'தோட்டம் விற்கப்பட்டது' என்பதே அந்தத் தொடர். ஒரே மாதத்தில் 11 பிள்ளைகளின் பெயருக்கு நேரே அது எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது பதிவேட்டில் இல்லை.

தோட்டத் துண்டாடல் என்று நம் முன்னோர் வேதனையோடு குறிப்பிட்ட அந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். எனினும் துயரக் கதையை மட்டும் சொல்வது நம் நோக்கமன்று. ஒரு விவசாயக் கொள்கை எப்படி உருவாகிறது? அதனால் பாதிக்கப்படும் ஏழை மக்களின் குரல் அதிகாரிகளின் மேசையை எப்படிச் சென்றடைகிறது? இவற்றை விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டு வரலாற்றில் அரிது.

முதலில் முதலாளிகள் பக்கத்தைப் பார்ப்போம். மலாயாவில் ரப்பர் பயிரிட்ட ஐரோப்பிய நிறுவனத்தார் 1907ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ரப்பர் பயிரிடுவோர் சங்கத்தை நிறுவிக்கொண்டார்கள். விலை சரிந்தபோது, உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922இல் நடைமுறைக்கு வந்தது. 1925இல் சட்டத்தின் மூலம் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பருக்கும் விதிக்கப்பட்ட தீர்வையே அதற்கு வருமானம். யாரிடமும் கையேந்தாமல் ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டிருந்ததால், அங்கே அறிவியலாளர்கள் ஊன்றி நின்று ஆராய முடிந்தது. பின்னாளில் நம் தோட்டங்களெங்கும் பரவிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் ஒட்டு ரகம் அந்தக் கழகம் தந்ததே. சுங்கை பூலோவில் 1929இல் பிறந்த பா. சி. சேகர் என்னும் இந்திய வமிசாவளியினர், 1966இல் அதே கழகத்தின் முதல் ஆசிய இயக்குநராக உயர்ந்தார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது.

ஆக, முதலாளிகளிடம் சங்கம் இருந்தது, ஆராய்ச்சி இருந்தது, கணக்கும் இருந்தது. எனவே அவர்கள் பேச்சு எடுபட்டது. சிறுதோட்டக்காரர்களின் நிலை வேறு. 1934ஆம் ஆண்டின் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்பாட்டின்கீழ் அவர்களுடைய மரங்களின் விளைச்சல் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. போருக்குப் பின், 1946இல், பீட்டர் பாவர் என்னும் பொருளியலாளர் இங்கு வந்து சிறுதோட்டங்களை நேரில் பார்வையிட்டு எழுதிய அறிக்கை 1948இல் வெளிவந்தது. அதன்பிறகே அந்த அநீதி ஆதாரத்தோடு பேசப்பட்டது.

அப்படியானால் பால்மரம் வெட்டிய நம் தொழிலாளிக்காகக் கணக்கு வைத்தவர் யார்?

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டார். அவர் ஆண்டறிக்கைகள் எழுதினார். 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. அந்த ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். மந்த காலத்தில் குறைக்கப்பட்டிருந்த கூலியை, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நிலைக்கு உயர்த்த வேண்டும் என்பது 1937இல் வெளிவந்த அவரது அறிக்கையின் பரிந்துரை. அந்த அறிக்கை போதாது என்று மத்திய இந்தியர் சங்கத்தார் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1938இல் மீண்டும் கூலிக் குறைப்புப் பேச்சு எழவே, இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது.

இதில் ஓர் உண்மை புலப்படுகிறது அல்லவா? வெளியிலிருந்து வந்தவர் பார்த்தார், எழுதினார், கப்பலேறிச் சென்றுவிட்டார். அவர் போன மறுநாள் தோட்டத்தில் என்ன நடந்தது என்று குறித்து வைப்பதற்கு இங்கே நிலையான அமைப்பு எதுவும் வேரூன்றவில்லை. விருந்தாளி அடுப்பை மூட்டினாலும் அதை அணையாமல் காப்பவர் வீட்டுக்காரர்தாம்.

அந்த வீட்டுக்காரர் 1954இல் வந்தார். பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார். ரப்பர் விலை, கூலி, வாழ்க்கைச் செலவு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளிகள் சங்கத்தோடு சரிசமமாக அமர்ந்து பேசும் நிலை தொழிலாளிக்கு ஏற்பட்டது.

இந்த வேளையில்தான் துண்டாடல் என்னும் புயல் வீசியது. நாட்டு விடுதலை நெருங்க நெருங்க, எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்கு ஏறிய ரப்பர் விலை பின்னர் இறங்கிவிட்டது. மரங்களோ முதிர்ந்து போயிருந்தன. மறுநடவுக்குப் பெருஞ்செலவு காத்திருந்தது. உள்ளூர் வணிகக் கூட்டுகள் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, 5 ஏக்கர், 10 ஏக்கர் என்று துண்டு போட்டு விற்று இலாபம் கண்டன.

நிலத்தைத் துண்டாக்கினால் நிலம் மட்டுமா துண்டாகும்? லயத்து வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. தண்ணீர்க் குழாய், மருந்தகம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றை நடத்த ஆளில்லை. வேலை குத்தகைக்காரர் கைக்குப் போயிற்று, கூலி குறைந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றிருந்தது. அப்படி எழுந்த பள்ளிகளுக்கு ஆதரவாக நின்ற நிர்வாகம் இப்போது மறைந்தது.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்றும் இருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளதைத்தான் அரசாங்கப் புள்ளிவிவரம் தோட்டம் என்று குறித்தது. அதற்குக் குறைந்தால் சிறுதோட்டம். எனவே ஒரு தோட்டம் துண்டாடப்பட்ட அன்றே, அங்கிருந்த குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் கணக்கிலிருந்து மறைந்துபோயின. வேலையும் வீடும் போனதோடு, போயின என்ற கணக்கும் இல்லாமற் போயிற்று. எங்கள் பள்ளிப் பதிவேட்டின் 11 பிள்ளைகள் இப்படித்தான் காணாமற் போனார்கள்.

தொழிற்சங்கம் குரல் எழுப்பியது. ஆனால் தனித்தனிச் சம்பவங்களைச் சொல்லி முறையிடுவது வேறு. நாடு முழுவதும் நடப்பதை அளந்து காட்டுவது வேறு. அந்த அளவெடுக்கும் பணியை மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் மேற்கொண்டார். 1951 முதல் 1960 வரை துண்டாடப்பட்ட தோட்டங்களைப் பற்றிய அவரது ஆய்வு 3 தொகுதிகளாக வெளிவந்தது. தோட்டத் துண்டாடல் தொழிலாளரை வருத்துவதோடு நாட்டின் பொருளாதாரத்துக்கும் கேடு விளைவிக்கிறது என்பதை அது எடுத்துக்காட்டியது. கிராமப்புற வறுமையை அளக்க ஒரு வீட்டில் தலைக்கு எத்தனை கைலிகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். மக்கள் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்த அறிஞர் அவர். அவர் ஆய்ந்தது பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர் வாழ்வு. அவரோ மலாய் இனத்தவர். உண்மைக்கு இனமில்லை என்பதை நம் மாணவர்களுக்கு இதைக் கொண்டே நாம் சொல்லலாம்.

ஆய்வு நடந்துகொண்டிருக்கையில் வயிறு காத்திராது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொழிலாளர்களே கூடி வாங்குவோம் என்பது அதன் எளிய தத்துவம். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கைத் தவணை முறையில் சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். அரைப் பேர், முழுப் பேர் என்று கூலி கணக்கிட்ட காலத்தில் 100 வெள்ளி எத்தகைய பாரம் என்பதை அந்தத் தலைமுறையினர் அறிவர். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதற்கொள்முதலாயிற்று. அதன்பின் பல தோட்டங்கள் துண்டாகாமல் முழுமையாக நின்றன.

பிற்பாடு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பிரித்து விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை என்று அது விதித்தது.

இவ்வளவும் நடந்தும் முழு வெற்றி கிட்டியது என்று நாம் சொல்லமாட்டோம். சட்டம் வருவதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சிதறிவிட்டன. பின்னர், குறிப்பாக 1990களில், தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, மீண்டும் லயங்கள் காலியாயின. அந்த மாற்றத்தைப் பழைய சட்டம் தடுக்கவில்லை. துண்டாடலை எண்ணுவதற்கென்று ஓர் ஆய்வு எழுந்ததே, அதுபோல் இந்தப் புதிய இடப்பெயர்வைத் தொடக்கத்திலிருந்தே எண்ணி வந்திருந்தால் பேரம் பேசும் வலிமை நமக்குக் கூடுதலாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

நேயர்களே, இந்த வரலாற்றில் மூன்று கைகளைக் காண்கிறோம். அளந்து எழுதியது பல்கலைக்கழகம். எடுத்துரைத்தது தொழிற்சங்கம். பணம் திரட்டிச் செய்து காட்டியது கூட்டுறவு. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் தளர்ந்திருக்கும். ஆய்வு மட்டும் இருந்தால் அது அலமாரியில் தூங்கும். குரல் மட்டும் இருந்தால் 'ஆதாரம் எங்கே?' என்ற கேள்வியில் அடங்கிவிடும். பணம் மட்டும் இருந்தால் எந்தத் தோட்டத்தை வாங்குவது என்று தெரியாமல் கரையும்.

பெற்றோரே, மாணவர்களே, உங்கள் தோட்டத்தின் பெயர், எத்தனை குடும்பங்கள், என்ன கூலி, எந்த ஆண்டில் எது மாறியது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவைக் கேட்டு எழுதுங்கள். பெரிய ஆய்வுகளெல்லாம் இத்தகைய சிறு குறிப்புகளிலிருந்துதான் பிறக்கின்றன. எங்கள் பள்ளியிலும் விலகிய காரணத்துக்கு அடுத்தாற்போல் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்திருக்கிறோம். 'சென்ற இடம்' என்பது அதன் தலைப்பு. இனி இந்தப் பள்ளியிலிருந்து போகும் ஒரு பிள்ளையும் கணக்கில்லாமல் போகக் கூடாது.