பரிசுக்கு வந்த பாட்டி

சென்ற பங்குனியில் என்னை ஒரு போட்டோப் போட்டிக்கு நீதிபதியாக்கினார்கள். காமிராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "நாவல் எழுதுகிறவர் அல்லவா? படத்தில் கதை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

போட்டியை நடத்தியது எங்கள் பேட்டைப் பத்திரிகை ஒன்று. கபாலீசுவரர் கோவில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உத்ஸவத்தன்று எடுத்த படங்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும். காலையில் இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு, பிற்பகல் மாட வீதிகளில் படப்பிடிப்பு, மறுநாள் தீர்ப்பு. நீதிபதிகள் மூவர். நாற்பது வருஷம் தினசரி ஒன்றுக்குப் போட்டோ எடுத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்; சித்திர வாத்தியார் ஒருவர்; அப்புறம் நான். காலை வகுப்பை நடத்தியவரும் பெரியவர்தான்.

கோபுரம், பலூன், நீர்மோர்ப் பந்தல் என்று படங்கள் வந்து குவிந்தன. அறுபத்து மூன்று நாயன்மார்களும் கடந்துபோக, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வாய் நிறையக் கொட்டாவி விட்ட படம் ஒன்று எனக்கு நிரம்பப் பிடித்தது. அதன் பிறகு அந்தப் படம் வந்தது.

நடைபாதை ஓரத்தில் ஒரு பாட்டி. அவள் காலடியில் கவிழ்ந்து கிடக்கும் தொன்னை. தெருவில் சிந்திய சாதம். சுற்றிலும் முகமில்லாத கால்கள். பாட்டி வாய்விட்டு அழுகிறாள். கீழே 'பசி' என்று தலைப்பு.

"முதல் பரிசு. பேச்சே இல்லை" என்றார் வாத்தியார். எனக்கும் நெஞ்சை அடைத்தது. பெரியவர் மட்டும் எழுந்து போய், வாசலில் காத்திருந்த பையனை அழைத்து வந்தார்.

"தம்பி, இந்த அம்மாளோடு பேசினாயா?"

"இல்லை, சார். பேசினால் முகம் மாறிவிடும் என்று காலையில் நீங்கள்தானே சொன்னீர்கள்?"

பெரியவருக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, "எடுக்கும் முன்னால் பேசாதே என்றேன். எடுத்த பின்னாலுமா?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பாட்டியைத் தேடிப் பார்க்க அவனுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார். தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது.

அந்த ஒரு வாரமும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போட்டோவுக்குப் பரிசு கொடுப்பது இந்தச் சென்னைப் பட்டணத்துக்கு மிகப் பழைய பழக்கம் என்று தெரிந்தது. 1855-ல் இங்கே ஒரு பெரிய கைத்தொழில் கண்காட்சி நடந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மைசூர்ச் சீமைக் கோவில்களைப் படம் பிடித்து, 68 படங்களை அதில் வைத்து, முதல் வகுப்புப் பதக்கம் வாங்கிக்கொண்டு போனார். பதக்கம் நல்ல பலன் தந்தது. அடுத்த வருஷமே அவர் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர் ஆனார். 1858-ல் மெழுகு தடவிய காகித நெகடிவ்களையும் மருந்துப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அலைந்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இதையெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நினைத்த கவர்னர் டிரெவெல்யன், மறு வருஷம் அந்த இலாகாவையே மூடச் சொல்லிவிட்டார். கவர்னர்களுக்குக் கணக்கு நன்றாக வரும்.

பயிற்சியும் அப்போதே இருந்தது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய சித்திரப் பள்ளிதான், பின்னால் அரசாங்கத்தின் கைக்குப் போய், இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. அங்கே நம்மவர்களுக்குப் போட்டோப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அப்படிக் கற்றவர்களில் அய்யாசாமி என்ற ஒருவரின் பெயர், அவர் எடுத்த பழங்கட்டிடப் படங்களோடு மிஞ்சியிருக்கிறது. காமிராவுக்குப் பின்னால் நின்ற தமிழன் ஒருவனின் பெயராவது தப்பியதே என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

காமிராவுக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர் தப்பவில்லை. 1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நாம் மயிலாப்பூரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே, பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே உள்ள பகுதி, 1877-78-ல் இப்படிப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. கால்வாய்க்குக் கவர்னர் பெயரை வைத்தார்கள். வெட்டியவன் பெயரை யார் கேட்டார்கள்?

அவர்களைப் போன்றவர்களின் முகம் நமக்குத் தெரிகிறதென்றால், வில்லோபி ஹூப்பர் என்ற சென்னைக் குதிரைப் படை அதிகாரி படம் எடுத்ததால்தான். எலும்புக்கூடாகிவிட்ட ஆணும் பெண்ணும் குழந்தையும் வரிசையாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்துக் காமிராவுக்கு முன்னால் அசையாமல் இருக்க வேண்டும். அசைவதற்குத்தான் அவர்களிடம் பலம் ஏது? இவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துப் படம் எடுத்த பிறகு, ஒரு கவளம் சோறு கூடக் கொடுக்காமல் ஹூப்பர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அப்போதே ஒரு கதை பரவிற்று. கதை மெய்யோ பொய்யோ, மனுஷர் அதற்கு இடம் கொடுக்கக் கூடியவர்தான். 1886 ஜனவரியில் மாந்தளையில் கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது, குண்டு பாயும் கணம் படத்தில் விழ வேண்டும் என்பதற்காக, 'சுடு' என்ற உத்தரவைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார் என்று லண்டன் 'டைம்ஸ்' நிருபர் எழுதினார். விசாரணை நடந்து, கண்டனமும் சம்பளக் குறைப்பும் கிடைத்தன.

ஆனாலும் ஹூப்பரின் பஞ்சப் படங்களைக் கிழித்துப் போட எனக்கு மனம் வராது. பெயர் இல்லாவிட்டாலும் முகமாவது இருக்கிறதே!

நம் காலத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் 1955-ல் 'உலகப் பத்திரிகைப் போட்டோ'ப் போட்டி தொடங்கியது. முதல் பரிசு பெற்றது, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒருவன் தலைகுப்புற விழும் டேனிஷ் படம். போகப் போகப் போரும் சாவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. போபால் விஷவாயுவில் மாண்டு மண்ணுக்குள் போகும் குழந்தையின் முகத்தைப் பாப்லோ பார்த்தலோமியூ எடுத்தார். 1984-ன் சிறந்த படம் அதுதான். அதே குழந்தையை ரகு ராயும் எடுத்தார். உலகமே பார்த்த அந்த முகத்துக்கு இன்றுவரை பெயர் தெரியாது. 2004 சுனாமிக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர் போட்டோகிராபர் ஆர்க்கோ தத்தா எடுத்த படம் அந்த வருஷப் பரிசைப் பெற்றது. மணலில் குப்புற விழுந்து கைகளை விரித்து அழும் பெண். ஓரத்தில், இறந்தவரின் கை மட்டும். அந்தப் பெண்ணைப் பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு தேடிப் போய்ப் பெயரும் ஊரும் விசாரித்தார்கள்.

தவணை நாளன்று இதையெல்லாம் பெரியவரிடம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அவர் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருந்தாராம்.

"ஒருத்தன் என் கையைப் பிடித்து இழுத்து, 'எடு சார், எடுக்காவிட்டால் யார் நம்புவார்கள்?' என்றான். பத்தடி தள்ளி ஒரு பெண், காமிராவைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு பேரையும் எடுத்தேன். இரண்டு பேர் பெயரையும் கேட்கவில்லை. ஆபீசுக்கு ஓட வேண்டியிருந்தது" என்றார்.

அதற்குள் பையன் வந்துவிட்டான். பாட்டி அகப்படவில்லை; உத்ஸவத்துக்காக வெளியூரிலிருந்து ரயிலில் வந்தவளாம். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரம்மா எல்லாம் சொல்லியிருக்கிறாள். பாட்டி அழுதது சோற்றுக்காக அல்ல. தொன்னை யாருடையதோ! கையைப் பிடித்துக்கொண்டிருந்த பேத்தி கூட்டத்தில் காணாமற்போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்துப் போலீஸார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் படத்தை மறுபடி பார்த்தேன். பாட்டியின் கண்கள் சாதத்தின் பக்கமே இல்லை. கால்களுக்கு நடுவே தூரத்தில் எதையோ தேடுகின்றன. கதை இருக்கிறதா என்று பார்க்க வந்தவன் நான். இருந்த கதையை விட்டுவிட்டு நானாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பையன் 'பசி'யை அடித்துவிட்டு, 'கூட்டத்தில் பேத்தியைத் தேடும் பாட்டி. பேத்தி கிடைத்துவிட்டாள்' என்று எழுதினான்.

"முன் தலைப்பில் ஒரு வேகம் இருந்தது" என்று குறைப்பட்டுக்கொண்டார் வாத்தியார். "இப்போது இரண்டாம் பரிசுதான் தரலாம்."

பெரியவர் ஆட்சேபிக்கவில்லை. நானும் சரி என்றேன். முதல் பரிசு கொட்டாவி விட்ட போலீஸ்காரருக்குப் போயிற்று. பையன் படத்தில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றைப் பூக்காரம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறான். அடுத்த பங்குனிக்குப் பாட்டி வந்தால் கொடுத்து, பெயரையும் கேட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம்.