பேஸ் கித்தார் மின் இரைச்சல்
ஒலிபெருக்கியில் இடைவிடாது கேட்கும் உறுமல்; அதன் ஊற்று மின்சாரமே. ஜொகூர் உட்பட மலேசியா முழுவதும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் ஃபிரெட் சுரமோ 49 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமலை வடிகட்டினால் இசையும் கூடவே போகும். முதல் குற்றவாளி, தந்தியதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப். ஃபெண்டர் நிறுவனம் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, சுருள்களையும் காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தது: இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியொலி தங்கியது. அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸில் இரு பிக்கப்புகளின் வால்யூம் குமிழ்களும் சமமாக இருந்தால்தான் இப்பலன். கித்தாரின் உட்குழியில் செப்புத்தாள் ஒட்டி எர்த் கொடுத்தால் சீறல் குறையும். காந்தப்புல உறுமல் குறையாது. டிம்மர் விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றிலிருந்து விலகி நிற்பதே மலிவான வழி. ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முனையை நீக்குவது உயிராபத்து.